முயல் ஜெயித்த ஓட்டம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து டிரெட்மில் டெஸ்டுக்கு ஆள் மாற்றி ஆள். நெஞ்சில் ஒயர் ஒட்டு, மேலே ஏற்று, நடக்க வை, முகம் வெளுத்தால் நிறுத்து. ஒருவர் பெல்ட் போடாமல் வந்துவிட்டார். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை. மானம்தான் மயிரிழையில் தப்பியது.

மத்தியானம் டாக்டர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க தம்பி ஒய்ஃப் ரிட்டயர் ஆயிட்டாங்களாமே! ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?" எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. நானும் பேப்பரில்தான் பார்க்கிறேன். அரைப்பக்கப் படம். சிட்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், பக்கத்தில் என் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கல்யாணத்தில்கூட அவன் இவ்வளவு பொறுப்பாக நிற்கவில்லை.

கீழே எழுதியிருக்கிறார்கள்: "உள்நாட்டுத் தடங்களில் ஒருமுறைகூடத் தோல்வியைச் சந்திக்காதவர்."

ஒருமுறைகூட.

பேப்பரை மடித்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் வயிறு எரிகிறது. எரியட்டும்.

மார்ச் 5, புதன்

புது நர்ஸ் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். டாக்டர் என்னை அறிமுகம் செய்தார். "இவங்களும் அந்தக் காலத்துல ஓட்டக்காரிதான். பேஸ்மேக்கரா இருந்தாங்க. ஹார்ட் டிபார்ட்மென்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?" யார் வந்தாலும் இதே ஜோக். அவரே சிரித்துக்கொள்வார்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சொன்னேன். நான் முன்னால் ஓடுவேன். எதிர்க்காற்றை நான் வாங்கிக்கொள்வேன். எனக்கு ஓரடி பின்னால் ஜெயிக்க வேண்டியவள் சொகுசாக வருவாள். கடைசிச் சில சுற்றுகள் இருக்கும்போது தடத்தைவிட்டு இறங்கிவிடுவேன். மிச்சத்தை அவள் ஓடி ஜெயிப்பாள். கிரவுண்டில் எங்களுக்கு முயல் என்று பேர்.

"அப்ப நீங்க ஜெயிக்கவே மாட்டீங்களாக்கா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு ஓடணும்?"

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. கெட்டிக்காரப் பெண். இந்த வேலையில் ரொம்ப நாள் நிலைக்கமாட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி போன் செய்தான். ரிட்டயர்மென்ட்டைச் சொல்லவில்லையே என்று நான் கேட்க நினைத்த மூச்சிலேயே அவன் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். மெயின் ஸ்டேடியத்தில் புகழ் மண்டபம் இருக்கிறதல்லவா, சுவர் முழுக்கப் பித்தளைப் பலகைகள், அதில் சிட்டுவின் பேர் போகப்போகிறதாம். கமிட்டி அடுத்த மாதம் ஓட்டுப் போடுகிறது. வருஷத்துக்கு ஒருவர்தான். இந்த வருஷம் கடைசிச் சுற்றில் இரண்டு பேர். சிட்டு, ஈட்டி எறிகிறவர் ஒருவர்.

"அவர்கிட்ட மெடல் ஜாஸ்திக்கா. ஆனா தோக்கவே தோக்காதவங்கன்னு யாரு இருக்கா? அதுதான் நம்ம பாயின்ட்டு."

நம்ம பாயின்ட்டு! அவன் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான்.

அம்மா போனைப் பிடுங்கி மருமகளுக்கு வாழ்த்துச் சொன்னாள். பிறகு நாள் முழுக்க அதே பேச்சு. நம்ம வீட்டுப் பேரு செவுத்துல வரப்போகுதுடி. நம்ம வீட்டுப் பேரு, நம்ம வீட்டுப் பேரு. சரிம்மா, நான் எந்த வீடு?

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரி கேன்டீனில் புள்ளி காத்திருந்தார். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் எழுதி ரிட்டயர் ஆனவர். எந்தப் போட்டியில் யார் எத்தனையாவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், அதனால் கிரவுண்டில் எல்லோருக்கும் அவர் புள்ளிதான். தலை பூராவும் நரைத்துவிட்டது. வாய் அப்படியே இருக்கிறது.

மண்டபத்துக்காரர்கள் சிட்டுவின் சாதனைகளைச் சரிபார்க்கச் சொல்லி அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்களாம்.

"தோல்வியே கிடையாதுன்னு போட்டிருக்காங்க. அந்த செலக்‌ஷன் ஓட்டத்தன்னைக்கு நான் ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தேன்மா. என் கண்ணு முன்னாடி நீங்கதான் முதல்ல வந்தீங்க."

"ரிசல்ட்ல அப்படி இல்லையே."

"இல்லதான். பேஸர், முடிக்கவில்லைன்னு எழுதி வச்சிட்டாங்க. ரூல்படி பேஸர் முடிச்சாலும் கணக்குல உண்டு. அன்னைக்கு ஜட்ஜா இருந்தவர் இன்னும் நல்லாத்தான் இருக்கார், கேட்டா ஒத்துக்குவார். ஆனா நானா போய்க் கிளறமாட்டேன். ஓடின ஆள் கேக்கணும். நீங்க கேட்டா எழுதறேன்."

"எழுதினா சிட்டுவுக்கு என்ன ஆகும்?"

டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "ஈட்டிக்காரருக்குப் போயிடும்னு நினைக்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஒன்றுமே இல்லை. மண்டை வெடிக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

அந்த ஓட்டத்தை நான் எங்கேயும் எழுதியதில்லை. இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

ஐயாயிரம் மீட்டர். முதலில் வருகிறவளுக்கு வெளிநாட்டுப் போட்டிக்கு இடம். சிட்டு அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தாள். குச்சியாக இருப்பாள், கிளம்பினால் பிடிக்க முடியாது, சிட்டு என்று பேர் வைத்ததே நான்தான். மாஸ்டர் வழக்கம்போலத் திட்டம் போட்டுக் கொடுத்தார். நான் வேகம் வைக்க வேண்டும், நாலு சுற்று மிச்சம் இருக்கும்போது இறங்க வேண்டும்.

பேஸருக்குக் கண் முன்னால், காது பின்னால். திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். பின்னால் வருகிறவளின் மூச்சை வைத்துத்தான் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வோம். சிட்டுவின் மூச்சு எனக்கு மனப்பாடம். தெம்பாக இருந்தால் சத்தமே வராது. தெம்பு அடியோடு தீர்ந்துபோனால் ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டையில் ஒரு சின்ன விக்கல் வரும். அவளுக்கே அது தெரியாது. மாஸ்டருக்கும் தெரியாது.

இறங்க வேண்டிய இடம் வந்தது. மாஸ்டர் ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். நான் இறங்கவில்லை. ஏன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். கால் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு என் கால் நன்றாக இருந்தது. என்றைக்காவது ஒருநாள் முடித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அது ஒரு குத்தமா?

சிட்டு ஒட்டிக்கொண்டேதான் வந்தாள். கடைசி வளைவில் வெளிப்பக்கமாகத் தாண்டப் பார்த்தாள், நான் விடவில்லை. அப்போதுதான் அந்த விக்கல் கேட்டது. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. கோட்டைத் தாண்டியபோது பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை. வாழ்க்கையில் அதைப் போல ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அது எவ்வளவு நேரம் இருந்தது? நான் ஷூவைக் கழற்றுகிற வரைக்கும். மாஸ்டர் ஜட்ஜிடம் போய் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்தார். "நீ பேஸரா பதிஞ்சிருக்க. கணக்குல வராது. அவ சின்னவ, அவளுக்கு முன்னாடி நிறைய இருக்கு. உனக்கு இனிமே என்ன?" எனக்கு அப்போது இருபத்தேழு. சிட்டு அந்தப் போட்டிக்குப் போனாள், மெடலோடு வந்தாள், மிச்சமெல்லாம் பேப்பரில் இருக்கிறது. மெடலோடு வந்தவளைப் பார்த்ததும், என் பையைத் தூக்க கிரவுண்டுக்கு வந்துகொண்டிருந்த தம்பி அவள் பையைத் தூக்க ஆரம்பித்தான்.

மாஸ்டர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். பெரிய மாலையாகப் போட்டேன். போட்டுவிட்டு, இப்ப முடிச்சிட்டீங்களா மாஸ்டர் என்று மனசுக்குள் கேட்டேன். பாவம்தான். ஆனால் கேட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி வந்தான். புள்ளி என்னைப் பார்த்த விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது. ஆப்பிள் வாங்கி வந்தான். என் வீட்டுக்கு அவன் பழம் வாங்கி வருகிறான் என்றாலே ஏதோ இருக்கிறது.

முதலில் நயமாக. "அக்கா, நீ நல்லா ஓடினன்னு எங்களுக்குத் தெரியாதா? ஊருக்குச் சொல்லித்தான் ஆகணுமா?" பிறகு அவர்கள் ஆரம்பிக்கிற பயிற்சிக் கூடத்தைப் பற்றி. வாசலில் போர்டு எழுதக் கொடுத்தாயிற்றாம், புகழ் மண்டபம் என்கிற வரிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்களாம்.

"அந்த இடத்துல பூச்செடி படம் போட்டுக்கோ," என்றேன்.

அவனுக்குச் சுருக்கென்றது. "உனக்குப் பொறாமைக்கா. அன்னைலேர்ந்தே பொறாமை."

"ஆமாண்டா, பொறாமைதான். ஜெயிச்சவ நான், படத்துல நிக்கிறவ அவ. பொறாமைப்படாம என்னடா செய்வாங்க?"

அம்மா நடுவில் புகுந்தாள். "ஒரே ஒரு ஓட்டம்தானேடி. விட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிடுவ?"

ஒரே ஒரு ஓட்டம்தானே. அதைத்தாம்மா நானும் சொல்றேன். அவகிட்ட நூறு இருக்கு. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. நூறு வச்சிருக்கறவ ஒண்ணைக் குடுக்கமாட்டா, ஒண்ணு வச்சிருக்கறவ குடுக்கணும். எந்த ஊரு நியாயம் இது? இதையெல்லாம் அங்கே கத்தியிருக்க வேண்டும். ஆப்பிளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன். அவன் போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 17, திங்கள்

அம்மா பேசவில்லை. ஆப்பிளை மட்டும் சாப்பிடுகிறாள்.

மார்ச் 22, சனி

விட்டுவிடலாம் என்றுதான் இன்று தோன்றுகிறது. எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, யாருக்கு நிரூபிக்க? சிட்டு கெட்டவள் இல்லை. எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான், தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. புள்ளியைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை சொல்லலாம். திங்கள் வேலை அதிகம்.

மார்ச் 25, செவ்வாய்

புள்ளிக்குப் போன் செய்யவில்லை.

காலையில் சிட்டுவே வந்து நின்றாள். பயிற்சிக் கூடத்து இன்ஷூரன்ஸுக்கு இதயப் பரிசோதனை வேண்டுமாம். ஊரில் வேறு ஆஸ்பத்திரியே இல்லாத மாதிரி இங்கே. டாக்டர் தலைகால் புரியாமல் ஓடி வந்தார், படம் எடுத்துக்கொண்டார், புது நர்ஸை எடுக்கச் சொல்லி இன்னொரு படம். பிறகு எங்களைத் தனியே விட்டார்கள்.

ஒயர் ஒட்டினேன். உடம்பு இன்னும் கயிறு மாதிரி இருக்கிறது. டிரெட்மில் ஓட ஆரம்பித்தது. அந்த டெஸ்டில் மெஷினே விட்டு விட்டு வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டும். நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷமா மனசுலயே வச்சிருந்தேன்."

"சொல்லு."

"அன்னைக்கு நீங்க இறங்காம ஓடினீங்கல்ல, நான் வேணும்னேதான் பின்னாடி நின்னேன். கணக்குல வராதுன்னு எனக்குத் தெரியும். பாவம், அக்கா ஒருதடவையாவது முன்னாடி வரட்டுமேன்னு விட்டுட்டேன். இதைச் சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."

பாவம், அக்கா. பதினைந்து வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த ஒன்றை இவள் பிச்சை போட்டது என்கிறாள். ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன், அதுதான் கேவலம். அப்படியும் இருக்குமோ என்று நினைத்துவிட்டேன்.

டெஸ்டுக்கு வேண்டிய அளவு இதயத்துடிப்பு வந்துவிட்டது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க்கா, ஏத்துங்க. எவ்வளவு தாங்குதுன்னு பாப்போம்." அவளுக்கு ரோஷம் அதிகம், அதனால்தான் அவள் சாம்பியன். ஏற்றினேன். ஸ்க்ரீனில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கையால் கம்பியைப் பிடிக்காமல் ஓடினாள், அழகாக ஓடினாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், பேப்பரில் ஏதோ குறிப்பதுபோல.

கொஞ்ச நேரத்தில் வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் தொண்டையில் அந்தச் சின்ன விக்கல்.

அந்தக் கடைசி வளைவில் நான் கேட்டது இதேதான். வேண்டுமென்று பின்தங்குகிறவளுக்கு அது வராது. முழுசாகத் தீர்ந்துபோனால் மட்டும்தான் வரும். வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். டவலைக் கொடுத்தேன்.

"உன் ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்லடி," என்றேன். "ரொம்ப கெட்டியா இருக்கு."

மார்ச் 26, புதன்

புள்ளிக்குப் போன் செய்தேன். எழுதுங்க என்றேன். "நல்லா யோசிச்சீங்களாம்மா?" என்றார். நேற்று வரைக்கும் யோசித்தேன்.

ஏப்ரல் 12, சனி

ஈட்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓட்டெடுப்பில் வித்தியாசம் கொஞ்சம்தானாம்.

அந்த ஜட்ஜ் மறுக்கவில்லையாம், மாஸ்டர் சொன்னதைக் கேட்டு எழுதினேன் என்று சொல்லிவிட்டாராம். பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு பத்தி: பழைய போட்டி ஒன்றின் முடிவில் திருத்தம். யார் ஜெயித்தது என்று போடவில்லை. சிட்டு தோற்றாள் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். அம்மா மாத்திரை டப்பாவையும் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு படுத்த படுக்கையா கெடக்கு, சோறு தண்ணி எறங்கல. நான் போயி இருக்கேன்," என்றாள். எனக்கு ஆபரேஷன் ஆனபோது அம்மாவுக்கு இடுப்பு வலி இருந்தது.

காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று கிட்டே போனேன். கேஸ் சிலிண்டரை மூடிட்டியா என்று கேட்டாள்.

மே 2, வெள்ளி

புள்ளி வந்து திருத்திய ரிசல்ட்டைக் காட்டினார். முதல் இடத்தில் என் பேர். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. என் மற்ற ஓட்டங்களையும் காட்டினார். வரிசையாக முடிக்கவில்லை, முடிக்கவில்லை, முடிக்கவில்லை. யாராவது பார்த்தால் இவளுக்கு ஏதோ வியாதி என்று நினைப்பார்கள்.

"மண்டபத்துல பேஸருக்கெல்லாம் ஏதாவது உண்டா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"கேட்டுப் பாத்தேம்மா. இல்லையாம். முடிச்சவங்களுக்குத்தானாம்."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வீட்டுக்கு வந்து ரிசல்ட்டை இன்னொருமுறை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. யாரிடமாவது சொல்லலாம் என்று போனை எடுத்தேன். யாரிடம்? கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் மாவு பிசைந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பயிற்சிக் கூடத் திறப்பு விழாவாம். நர்ஸ் போனில் படம் காட்டினாள். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், புதுப் புடவை.

டிசம்பர் 30, செவ்வாய்

சிட்டுவிடமிருந்து மெசேஜ். நான்கே வார்த்தை. "உங்களுக்குத் திருப்தியா இப்ப அக்கா". பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். திருப்தியா என்றால் இல்லை. தப்பா என்றால் அதுவும் இல்லை. இதை எப்படி எழுதுவது? அக்கா என்று போட்டிருக்கிறாள். பழக்கதோஷம்.

மே 12, செவ்வாய்

புதுசு வாங்கவில்லை, போன வருஷத்து டைரியிலேயே பின்பக்கம் காலியாக இருக்கிறது.

இந்த வருஷம் சிட்டுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் விழா. எனக்கு அழைப்பு வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. கண்ணீரோடு பேசினாளாம். மாஸ்டர், கணவர், மாமியார், ஷூ கம்பெனி, எல்லோருக்கும் நன்றி சொன்னாளாம். டாக்டர் வந்து ஒப்பித்தார்.

இன்று லீவு போட்டுவிட்டு ஸ்டேடியத்துக்குப் போனேன். வேலைநாள் என்பதால் மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. வரிசையில் கடைசிப் பலகை. முகத்தை நன்றாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள், மூக்கு மட்டும் அவளுடையது இல்லை. கீழே மெடல்கள், சாதனைகள், எல்லாம் நியாயமாக அவளுடையவை. கடைசி வரி:

"உள்நாட்டுத் தடங்களில் ஒரே ஒரு முறை தவிர, தோல்வி அறியாதவர்."

அப்படியானால் நானும் சுவரில் இருக்கிறேன். ஒரே ஒரு முறை என்கிற இடத்தில்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, காவலாளி பக்கத்தில் வந்துவிட்டார். வயசானவர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"தெரிஞ்சவங்களாம்மா?"

"தம்பி பொண்டாட்டி."

"அடேங்கப்பா. வர்றவங்கல்லாம் இந்தக் கடைசி வரியத்தாம்மா கேக்கறாங்க. யார்கிட்ட தோத்தாங்க, யார்கிட்ட தோத்தாங்கன்னு. எங்களுக்கு என்ன தெரியும்? யாரும் சொல்லித் தரல."

"என்கிட்டதான்," என்றேன்.

என் முட்டியில் மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு மனசு விட்டுச் சிரித்தார். "நல்லா தமாஷ் பண்றீங்கம்மா நீங்க," என்று சொல்லிவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கப் போனார்.